பன்னிரண்டு மாதக் கதவு

தொலைபேசியில் நம்மைக் காக்க வைக்கும்போது ஓர் இசை போடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் அதைக் கேட்டாலே பல்லைக் கடிப்பார்கள். இரண்டு பேர் நாற்பது நிமிடம் எழுந்து போகாமல் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்க, இந்தக் காலத்தில் அதைவிட நல்ல சாக்கு கிடைப்பதில்லை.

நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை வைக்கும் முன் அனுமதியும் கேட்டீர்கள். மாநிலக் காப்பீட்டுத் துறை ஆள் என்றதும் அதட்டலாக ஒருவர் வருவார் என்று நினைத்திருந்தேன். ஆகவே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். என் பெயர் லவோன் ஹ்ரூஸ்கா. வயது எழுபத்து நான்கு. கௌண்டி அலுவலகத்தில் வாகனப் பதிவுக் கவுன்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கவுன்டருக்கு ஊரே வந்தது. புது டிரக் வாங்கியவனும் வந்தான், புருஷன் செத்து அவன் காரைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டியவளும் வந்தாள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒரு ஈ காக்கை என் வாசலில் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருந்து பார்த்தவர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், தொண்டையில் குரல் இருக்கிறதா என்று பார்க்க, அடுப்பின் மேலுள்ள கடிகாரத்தின் நேரத்தை உரக்கப் படித்திருக்கிறேன்.

பிறகுதான் நூலகத்தில் மெடிகேர், அதாவது அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு, அதற்கான உதவி மேஜையில் தொண்டு செய்யப் போனேன். சம்பளம் கிடையாது. பயிற்சி கொடுத்தார்கள், கையேட்டை நான் கரைத்துக் குடித்தேன். அக்டோபர் பதினைந்திலிருந்து டிசம்பர் ஏழு வரை, வயதானவர்கள் அடுத்த வருடத்துக்கான திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த நாட்களில் வரிசை வாசல்வரை நிற்கும். எட்டாம் தேதி மேஜையில் நானும் ஸ்டேப்ளரும்தான்.

ஒன்றைக் கவனித்தேன். யாருக்கெல்லாம் சரியான திட்டத்தைத் தேர்ந்து கொடுத்தேனோ அவர்கள் திரும்பி வரவே இல்லை. கடையில் பார்த்தால் கையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஆற்றைக் கடக்கிறவரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. அவர்களைக் குறை சொல்லவில்லை. வேலை நன்றாக முடிந்தால் அப்படித்தான் ஆகும்.

ஆர்வில் நீமன் வந்தது இரண்டு வருடம் முன்பு, நவம்பரில். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜாய்ஸ் அந்த ஆகஸ்டில் இறந்துபோயிருந்தார். வந்த கடிதங்களைப் பிரிக்காமல் ஒரு ரொட்டிப் பையில் திணித்துக் கொண்டுவந்திருந்தார்.

"இதெல்லாம் ஜாய்ஸ்தான் பாத்துக்குவா. எனக்கு ஒரு எழவும் புரியல. டி.வி.யப் போட்டா பல்லு கட்டித் தரேன், கண்ணாடி தரேன்னு ஒவ்வொருத்தனும் கூவுறான். நான் என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவர் ஒன்றும் பண்ண வேண்டியதில்லை. ஜாய்ஸ் கெட்டிக்காரி. அறுபத்தைந்து வயதிலேயே மெடிகேரோடு ஒரு துணைக் காப்பீடும் எடுத்து வைத்திருந்தார். அது இருந்தால் பெரும்பாலும் எந்த மருத்துவரிடமும், எந்த ஊருக்கும் போகலாம். யார் அனுமதியும் வேண்டாம். "இதைத் தொடாதீங்க, வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல நான்கு நிமிடம் போதும். ஆனால் அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக எந்த அவசரமும் இல்லாதவராக உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவர் போக வேண்டாம் என்று இருந்தது.

துணைக் காப்பீட்டை விடச் செய்து, தொலைக்காட்சியில் கூவுகிற தனியார் திட்டம் ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டேன். மாதத் தொகை கிடையாது, பல்லுக்கும் கண்ணுக்கும் கொடுப்பார்கள். ஆனால் மருத்துவமனை அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். பெரிய பரிசோதனை என்றால் முதலில் அவர்கள் சம்மதிக்க வேண்டும். எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

ஜனவரியில் முதல் மறுப்புக் கடிதம் வந்தது, முழங்கால் ஸ்கேனுக்கு. அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வந்துவிடுவார். காப்பீட்டுக் கம்பெனியை அழைத்துவிட்டு, தொலைபேசியை மேஜை நடுவில் வைத்து இருவரும் காத்திருப்போம். வீட்டில் செய்த பீன்ஸ் சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் கொண்டுவருவார். இரண்டையும் சேர்த்துத்தான் எங்கள் பக்கத்தில் சாப்பிடுவோம். ஜாய்ஸ் சீட்டாட்டத்தில் எப்படி ஏமாற்றுவாள் என்று சொல்லுவார். ஒருநாள் மறுமுனையில் பேசிய பெண், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"எங்க ஆபீசரம்மா. இவங்க மட்டும் இல்லன்னா என் முட்டி எப்பவோ என்னை விட்டுட்டு ஓடியிருக்கும்" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நூலகத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

அக்டோபரில் அவருக்குச் சாப்பாடு விழுங்க முடியவில்லை. இடுப்பு வார் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. ஒமாஹாவில் அதற்கென்றே ஒரு நிபுணர் இருக்கிறார், உடனே போங்கள் என்று உள்ளூர் மருத்துவர் சொன்னார். அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இல்லை.

"பழைய இதுக்கே திரும்பிப் போயிரலாமா லவோன்? ஜாய்ஸ் எடுத்து வச்சிருந்தாளே, அதுக்கு" என்று கேட்டார்.

அதற்கு ஒரு விதி இருக்கிறது. துணைக் காப்பீட்டை விட்டுவிட்டு முதல்முறையாக இப்படிப்பட்ட திட்டத்துக்குப் போனவர், பிடிக்கவில்லை என்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பிவிடலாம். உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக் கூடாது. பன்னிரண்டு மாதம் தாண்டினால் கேட்பார்கள். நோயாளி என்றால் சேர்க்க மாட்டார்கள். கையேட்டில் அது எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

"அந்தக் கதவு மூடியாச்சு ஆர்வில்" என்றேன்.

"சரி விடுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்று அக்டோபர் இருபத்திரண்டு. அவர் திட்டம் தொடங்கியது ஜனவரி ஒன்றில்; கதவு டிசம்பர் முப்பத்தொன்றுவரை திறந்தே இருந்தது.

அதற்காக அவரைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பட்டியலுக்கு வெளியே அனுமதி கேட்டுப் பதினொரு மேல்முறையீடு எழுதினேன். வாரம் நான்கு நாள் உட்கார்ந்தோம். பிப்ரவரியில் அனுமதி வந்தது; ஆப்பிள் பை வாங்கி வெட்டினோம், அவரால் ஒரு கரண்டிதான் முடிந்தது. ஒமாஹா நிபுணர் பார்த்துவிட்டு, இலையுதிர் காலத்தில் வந்திருந்தால் கட்டியை அறுத்து எடுத்திருப்பேன் என்றார். ஏப்ரலில் ஆர்வில் இறந்தார்.

அதற்கு முந்தின நாள் கட்டிலருகே நான்தான் இருந்தேன். "லவோன், அந்தக் கதவு நெசமாவே மூடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். மூடித்தான் இருந்தது என்றேன். போகிற மனிதரைக் கலங்க வைப்பானேன். என் கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்.

அடக்கத்துக்கு ஃபீனிக்ஸிலிருந்து மகள் டெனீஸ் வந்திருந்தாள். "கடைசியில அப்பாவுக்கு நீங்கதான் இருந்தீங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். போன மாதம் தன் மாமியாருக்குத் திட்டம் பார்க்கப் போன இடத்தில் யாரோ இந்த விதியை அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அழைத்தாள்.

"பன்னெண்டு மாசம் டயம் இருந்துச்சாமே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, தொலைபேசியை வைத்துவிட்டாள். உங்களுக்குப் புகார் எழுதியது அதற்கப்புறமாகத்தான் இருக்கும்.

நூலகத்தில் நல்லவர்கள். வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் மறக்கவில்லை. தெரிந்தே அவரை நல்ல இடத்திலிருந்து கிளப்பினேன், திரும்ப வழியிருந்தபோது தெரிந்தே இல்லை என்றேன். அவர் உயிர் அதனால் போயிற்று. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வேறு யாராவது உண்டா என்று கேட்கிறீர்கள். தம்பதியாக வந்தவர்களுக்கு நான் ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை, விசாரித்துப் பாருங்கள். தனியாக வந்தவர்களில் ஆறு பேர் இருக்கிறார்கள். இந்த வருடம் ஜனவரி ஒன்றில் மாறியவர்கள்தான் எல்லோரும். ஒருவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு அனுமதி கேட்டு இப்போதும் அழைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த ஆறு பேருக்கும் நூலகத்தில் வைக்கும் பதிவுப் படிவம் எதுவும் நான் நிரப்பவில்லை, ஆகவே நூலகத்தில் தேடிப் பயனில்லை.

பெயர்களைக் கட்டாயம் தருகிறேன். ஆனால் இன்று டிசம்பர் பதினாறு. கிறிஸ்துமஸ் நேரத்தில் தனியாக இருக்கும் மனிதர்களின் வீட்டுக் கதவைத் தட்டிக் கலங்கடிப்பது எனக்கு முறையாகப் படவில்லை. ஜனவரி இரண்டாம் தேதி வாருங்கள், ஆறு பேரையும் என் கைப்பட எழுதித் தருகிறேன்.