மாதாவின் சின்னவிரல்

பீரங்கி குத்தும் சத்தம் கேட்கிறது. கடல் பக்கம். பிறகு கூவல். நான் வயல் வரம்பில் குப்புற விழுகிறேன். வாய்க்குள் சேறு. செல் வயலுக்குள் விழுந்து வெடிக்கிறது. இடப்பக்கம், தள்ளி. இளம்பயிர் வேரோடு எழுந்து எங்கள் முதுகில் கொட்டுகிறது.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கத்துவது நான்தான். படுக்கிறார்கள். நாற்பத்தொரு பேர் வந்தோம். முப்பத்தேழு பேர் நிலத்தில். நான்கு பேர் நிற்கிறார்கள். அவர்கள் தோளில் மாதாவின் கூடு. முன்னால் வலப்பக்கம் நிற்பவன் என் மகன் மரியதாஸ். வயது பத்தொன்பது.

"இறக்குங்கடா! இறக்கிப்போட்டுப் படுங்க!"

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறான்.

"விரிப்பு இல்ல அப்பா."

அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு இந்த மூன்று சொல் விளங்காது. விளக்க வேண்டும்.

1990. ஆனி மாதம். சனிக்கிழமை. நாங்கள் கல்முனைக் கத்தோலிக்கர். சிறிய பங்கு. நான் கணக்கு வாத்தியார். ஆண்டுதோறும் மேற்கே காட்டுக்குள் இருக்கும் மாதா கோவிலுக்கு நடந்து போவோம். எங்கள் கோவில் மாதாவின் சிலையை, சுருவத்தை, கூட்டில் வைத்துக் கொண்டுபோவோம். கூடு என்பது நான்கு தூணும் கூரையும் உள்ள மரமண்டபம். அடியில் இரண்டு தடிகள். நான்கு ஆண்கள் தூக்க வேண்டும். தூக்கினால் ஒரு முறை உண்டு. வழியில் மாதா வெறும்நிலத்தைத் தொடக்கூடாது. இளைப்பாறும் இடத்தில் முதலில் வெள்ளை விரிப்பு. அதன்மேல்தான் கூடு. யார் வகுத்தது என்று தெரியாது. என் தந்தை காலத்திலும் அப்படித்தான்.

அந்த ஆண்டு யாத்திரைக்கு நாள் குறிக்கவில்லை. இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது. முந்தின இரவு எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் எரிந்தன. விடியப் புறப்பட்டோம். பெண்கள் மூட்டை கட்டினார்கள். கோவில் மூப்பர் மட்டும் மூட்டை கட்டவில்லை. கோவிலைத் திறந்து மாதாவைக் கூட்டில் ஏற்றினார்.

"இதென்ன வேலை மூப்பர்? நாம ஓடுறம்" என்றேன்.

"வெறுங்கையோட ஓடினா அகதி, மாஸ்டர். மாதாவத் தூக்கினா யாத்திரை."

அந்தப் பேச்சில் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்தது. எனக்கும்தான். யாத்திரை போகிறவன் திரும்பி வருவேன் என்று நம்பி வீட்டைப் பூட்டுகிறான். அகதிக்குப் பூட்டி என்ன பயன். நாங்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டினோம். யாத்திரை என்று பெயர் வைத்துவிட்டோம். ஆகவே யாத்திரையின் முறைகளும் கூடவே வந்தன. பிழை அங்கே தொடங்கியது.

தண்ணீர் மேலால் பாயும் பாதையான கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தோம். முழங்காலளவு தண்ணீர். மரியதாஸ் பகிடி விட்டான்.

"மூப்பர், மாதா இந்த வருசம் நல்லாப் பாரம். ஆர் சோறு குடுத்த?"

"அது உன்ட பாவம்டா பாரம். வாயப் பொத்திக்கிட்டு நட."

பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி திரேசம்மாவும் சிரித்தாள். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

அடுப்புச் சாமான்களும் விரிப்பும் ஒரு மாட்டுவண்டியில் இருந்தன. வண்டி தெருவால் முன்னே போய்விட்டது. அந்த வண்டியைப் பிறகு யாரும் காணவில்லை. நாங்கள் சவளக்கடைப் பக்கம் வரம்பில் இறங்கினோம். வரம்பு மறைவு என்று நினைத்தோம். நான் செபமாலை சொல்லிக்கொண்டு முன்னே நடந்தேன். மூப்பர் துக்க தேவ இரகசியங்களைச் சொல்லச் சொன்னார். நான் மறுத்தேன். சனிக்கிழமைக்கு மகிமை இரகசியங்கள். முறை முறைதான். நான்காவது இரகசியம்: மாதா உடலோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. செபமாலையின் ஏழாவது மணியில் குத்தும் சத்தம் கேட்டது.

முதல் செல்லுக்கும் இரண்டாவது செல்லுக்கும் இடையே மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லலாம். பிறகு பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கூட்டை இறக்க ஒன்று போதும். படுக்க அரை போதும்.

மூப்பர் படுத்தபடி கத்துகிறார். "விரிப்பு! விரிப்பு எங்க?" பெண்கள் மூட்டைகளைக் கிளறுகிறார்கள். ஒருத்தி சிவப்புச் சேலையை உருவுகிறாள். "வெள்ளை! வெள்ளையாப் பாருங்க!" நான்கு பேரும் நிற்கிறார்கள். மரியதாஸ் தடியை இரு கையாலும் பிடிக்கிறான். எனக்கு அது தெரிகிறது. நான் எழும்புகிறேன். திரேசம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து விழுத்துகிறாள். கூவல்.

இரண்டாவது செல் வரம்பிலேயே விழுந்தது.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. புகை ஊதா நிறம். அது விலகியபோது நிற்பவர் யாருமில்லை. மூன்று பேர் அதே இடத்தில் முடிந்துவிட்டார்கள். நான்காமவருக்கு மாலைவரை மூச்சு இருந்தது. முடிந்த மூவரில் ஒருவன் என் மகன். அவனுடைய வலது காலை இருபது அடி தள்ளி எடுத்தோம். கூடு உடைந்து விறகாகிவிட்டது. சுருவம் அவன் நெஞ்சின்மேல் கிடந்தது. நிலத்தைத் தொடவில்லை.

"தொடல்ல! மாதா மண்ணைத் தொடல்ல!" மூப்பர் இதைக் கத்தி அழுதார். நன்றியா, துக்கமா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

செல் அடித்தவர் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். கடல் பக்கமிருந்து வந்தது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

வயல் நடுவே ஒரு வாடி இருந்தது. காவல் குடிசை. அதிலிருந்து ஒரு முதியவர் ஓடி வந்தார். அந்த வயலின் சொந்தக்காரர். ஹாஜியார். எனக்கு முன்பின் தெரியாத மனிதர்; வாத்தியாரென்று என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் வீட்டை விட்டு வாடிக்கு வந்து ஒளிந்திருந்தவர்தான். பார்த்தார். திரும்பி ஓடினார். ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். உள்ளே மடித்த வெள்ளைத் துணி இரண்டு. தையல் இல்லாதவை.

"ஹஜ்ஜுல உடுத்த இஹ்ராம், மாஸ்டர். ஸம்ஸம் தண்ணியில நனைச்சுக் கொண்டாந்த. என்ட கபனுக்கெண்டு வெச்சிருந்தன். எடுங்க."

மக்காவுக்குப் போய்வந்த துணி. தன்னை அடக்குவதற்கு வைத்திருந்த துணி. கையால் பிடித்து இரண்டையும் குறுக்கே கிழித்தார். நான்கு துண்டுகள். அடிபட்டவர் நால்வர்.

மூப்பர் ஒரு துண்டுக்குக் கை நீட்டினார். மாதாவை வைக்க.

திரேசம்மா அந்தத் துண்டைப் பறித்தாள். அவள் அதுவரை அழவில்லை.

"அவவ மண்ணில வைங்க மூப்பர். என்ட புள்ளைய மூடுங்க."

"தங்கச்சி, முறையொண்டு இரிக்கி..."

"அவவுக்கும் ஒரு மகன்தான். கேளுங்க அவவிட்ட. துணி வேணுமா எண்டு கேளுங்க."

மூப்பர் நீட்டிய கையை மடக்கினார். ஹாஜியார்தான் பேசினார். "மர்யம் அலைஹிஸ்ஸலாம் ஈச்சமரத்துக்குக் கீழ, தனிய, மண்ணிலதான் புள்ள பெத்தாங்க. அவங்களுக்கு மண் குறைச்சலில்ல, மூப்பர்."

சுருவத்தை நானே தூக்கினேன். சேற்றில் வைத்தேன். முதல்முறையாக. ஒன்றும் நடக்கவில்லை. அவள் நின்றாள். சிலுவையடியிலும் அவள் செய்தது அதுதான். மகனைக் காப்பாற்றவில்லை. ஓடவுமில்லை. அருகில் நின்றாள். எகிப்துக்குக் கைக்குழந்தையோடு இரவில் ஓடியபோது அவளை யாரும் தோளில் தூக்கவில்லை. யாரும் விரிப்பு விரிக்கவில்லை. அவளோடு நடப்பதென்றால் அந்த வழியில்தான் நடக்க வேண்டும். இது எனக்கு என் மகனின் இரத்தத்தில் நின்றுகொண்டு விளங்கியது. இவ்வளவு விலைக்கு விளங்கியிருக்கத் தேவையில்லை.

சேற்றைத் துடைத்தவள் திரேசம்மா. அப்போது கண்டாள். மாதாவின் இடக்கையில் சின்னவிரல் இல்லை. உடைந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவள் அந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அதன்பிறகே அழுதாள்.

அந்த ஆண்டு ஆவணியில் ஹாஜியார் அதே வயலில் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் என் இனத்தவர்கள், ஆயுதம் தூக்கிய தமிழர். நான் அப்போது அகதிமுகாமில். அவருடைய மகள் பின்னொரு நாள் எனக்குச் சொன்னாள். கடைகள் பூட்டிக்கிடந்தன. கபன் துணி கிடைக்கவில்லை. கட்டில் விரிப்பில் அடக்கினார்கள். பூப்போட்டது. அதை அவள் இருமுறை சொன்னாள்.

இப்போது சுருவம் மீண்டும் கோவிலில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வாகனங்களில் வருகிறார்கள். செல்லுக்குத் தப்பிய மாதா என்கிறார்கள். மண்ணைத் தொடவில்லை, ஒரு கீறலும் இல்லை என்று இளைஞர்கள் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். நான் முன்வரிசையில் இருந்து திருத்துகிறேன். கிழவனுக்குக் குழப்பம் என்று நினைக்கிறார்கள். இந்தத் திருவிழாவுக்கு முன் புது வர்ணம் பூசி விரலையும் ஒட்டப்போகிறார்களாம். திரேசம்மாவுக்கு எண்பத்தொரு வயது. தடியூன்றிப் போய்ப் பாதரின் அறைவாசலில் நின்றாள்.

"விரல ஒட்டாதீங்க சாமி. ஒரு கீறலும் படாத தாய்க்கிட்ட நான் வந்து என்னத்தக் கதைக்கிற?"

யோசிப்போம் அம்மா என்றாராம். யோசிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். இழந்ததன் கணக்கு இது.

ஆட்கள் நால்வர். நால்வரும் நின்றார்கள். மாதா தானாகத் தப்பவில்லை. அவர்கள்தான் மாதாவைக் கீழே இறக்கவில்லை. அதை அப்படியே சொல்லுங்கள். கூடு ஒன்று. மாட்டுவண்டி ஒன்று, அதை ஓட்டியவர், அதிலிருந்த விரிப்பு. வீடுகள், பூட்டியவை, பதினொன்று. திரும்பியபோது பூட்டுகள் மட்டும் கிடந்தன. ஹாஜியார் ஒருவர். அவருக்குச் சேரவேண்டிய வெள்ளைத் துணி இரண்டு. அவை எங்கள் பிள்ளைகளோடு மண்ணுக்குள் இருக்கின்றன. என் மகன் மரியதாஸை நால்வரில் எண்ணிவிட்டேன். திரேசம்மா தனியாகவும் ஒருமுறை எண்ணச் சொல்கிறாள். எண்ணுகிறேன். ஒருவன்.

மாதாவின் இடக்கைச் சின்னவிரல் ஒன்று. ஊர் திரும்பியபின் வயலில் மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை. வேறு விரல் வைக்காதீர்கள்.