பூசைப் பையில் ஒரு பொட்டலம்

யுத்த காலம். அரியலூரிலிருந்து திருமழபாடிக்குப் போன கரி பஸ் மேடு ஏற முடியாமல் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம் மெல்லச் சொன்னார்:

"இந்த விபூதி மீனுக்காகப் பூசினதுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதை மட்டும் அங்கேயே விட்டுவைத்தேன்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"தாலுக்கா ஆபீஸ் வேலையிலேருந்து ரிட்டயராயி ஆறு மாசமாச்சு. வந்து உக்காந்த அன்னிக்கே, மக பிரசவம் நல்லபடியா ஆவணும்னு வேண்டிக்கிட்டு எம் பொஞ்சாதி வூட்ல கவிச்சியை நிறுத்திட்டா. நான் என்ன பண்றது? திங்கக்கிழமை தவறாம கோயிலுக்குன்னு கெளம்பிடறேன். தூண்டில் ஓடக்காரன்கிட்ட இருக்கு. கொள்ளிடத்துல கெண்டையைப் புடிச்சு, அங்கயே உப்புத் தடவிச் சுட்டுத் தின்னுட்டு வந்துடறேன்."

"அண்ணிக்குத் தெரியாதா?"

"மூச்! தேங்கா, பழம், கற்பூரம்னு அவளே பக்தியா எடுத்து வெச்சு அனுப்பறா. நீங்களே பாருங்க."

பையைத் திறந்தார். பழத்துக்கு அடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. பிரித்ததும் தும்மினார். மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பதமாகக் கலந்திருந்தன.

"ஏண்ணே, சாமிக்கு மொளகாத்தூள் படைப்பாங்களா?"

பஸ் கிளம்பிவிட்டது. பெரியவர் பொட்டலத்தை மறுபடி மடித்துப் பழத்துக்கு அடியில் வைத்தார். பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆறு மாசமா வெறும் உப்புல தின்னுக்கிட்டிருக்கேன். தெரிஞ்சவ, இதை முன்னாடியே வெச்சிருக்கக் கூடாதா?"