வாட்டுக்கு ஒட்டாத முத்திரை

ஓரிக்கையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஆய்வகத்தின் அடையாள அட்டை. மின்சார மீட்டர்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் இடம்.

“வோல்ட்டு நம்மளது, ஆம்பியர் நம்மளது, வாட்டு மட்டும் நம்மளது இல்லியாம்டி” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“இன்னாடி சொல்ற? ரெண்டையும் பெருக்குனா வாட்டு தானா வருது.”

“பெருக்கிக்கலாம், எழுதியும் குடுக்கலாம். அங்கீகார முத்திரை மட்டும் ஒட்டக் கூடாது. வாட்டுக்குத் தனியா அங்கீகாரம் வாங்கணுமாம். இன்னிக்கி ஆடிட்டுக்கு வந்தவர் சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

“சாயப்பட்டறை மீட்டருக்கு நீ வாட்டுதானே பாத்துக் குடுத்த?”

“அந்த சர்டிபிகேட்டத்தான் எடுக்கச் சொன்னாரு. முத்திரை இருந்திருந்தா லேபு அங்கீகாரமே போயிருக்கும்.”

“அதுல முத்திரை இல்லியா?”

“முத்திரை ஸ்டிக்கர் தீந்துட்ச்சு. வாங்கிக் குடுங்கன்னு மேனேஜர்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தேனே, அப்ப போன சர்டிபிகேட்டு அது.”

சொல்லிவிட்டு, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“ஆடிட்டுக்கு வந்தவரு இன்னா சொன்னாரு?”

“வெவரமா ஒட்டாம உட்டுக்கீறீங்கன்னு பாராட்டினாரு. நானும் தலைய ஆட்டிட்டேன்.”

பஸ் ஸ்டாண்டில் இறங்க எழுந்தபோது அவளே மறுபடி சொன்னாள். “மேனேஜர் நாளைக்கிப் புது ஸ்டிக்கர் கட்டு எடுத்தாறாராம்.”

“வந்ததும் என்கிட்ட குடு” என்றாள் தோழி. “பீரோல வெச்சுப் பூட்டிடறேன்.”