சூப்பைப் பாராட்டிய சாமுராய்

...இல்ல சார், நான் கேக்குறேன், ஒரு மனுஷனுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை இருக்குறதே தெரியலன்னா, சரி போகுதுன்னு விட்டுடலாம். தெரிஞ்சே வெச்சுக்கிட்டு இருந்திருக்காரு சார் எங்க மாமனாரு! உள்ள பூட்டி வெச்சிருந்திருக்காரு! அதை எடுத்து யாருக்குக் குடுத்தாரு? எனக்கா? ஒரு சத்திரக்காரிக்கு! இல்லாத சத்திரத்துல, இல்லாத சூப்பைக் காய்ச்சுற, இல்லாத ஒருத்திக்கு!

வாய நல்லாத் தொறங்க. இன்னும்... இன்னும். ஆங். உதடு மரத்துப்போச்சுல்ல? அப்போ இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது. பேசாதீங்க, எச்சில் உறிஞ்சுற குழாய் நழுவுது. தலைய மட்டும் ஆட்டுங்க. ஐயோ, தலையையும் ஆட்டாதீங்க, கையில ட்ரில் வெச்சிருக்கேன்!

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? சத்திரக்காரி. அதுக்கு முன்னாடி எங்க மாமனார உங்களுக்குச் சொல்லணும். பஸ் டிப்போவுல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவர் கேட்டுக்குள்ள நொழைஞ்சா டிரைவருங்க எல்லாம் சட்டைப் பட்டனைத் தடவிப் பாத்துக்குவாங்களாம். அதைப் பெருமையா வேற சொல்லுவாரு. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் டிப்போ போச்சு, டிரைவருங்க போனாங்க, மிச்சம் யாரு? நாந்தான். என்கிட்ட நேரா பேசவே மாட்டாரு சார். நான் எதிர்ல நிப்பேன், அவரு எங்க வீட்டுக்காரரப் பாத்து, "டீ ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு"ம்பாரு. நான் என்ன, அடுத்த ஊர்லயா இருக்கேன்? சாப்பிட்டா தட்டு அங்கயே காயும். சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னா சத்தமே வராது. நல்லா இல்லன்னா ஒரே வார்த்தை. "உப்பு." கூடவா கொறையவா, அதைக்கூட சொல்ல மாட்டாரு. நாமளே கண்டுபிடிக்கணும். எங்க மாமியார் போற வரைக்கும் அவங்களுக்கும் இதே கதிதான். பாவம், புண்ணியவதி, உப்ப யோசிச்சே போய் சேந்தாங்க.

துப்பிக்கோங்க. அந்தக் கிண்ணத்துல, சார், உங்க சட்டையில இல்ல. ம்.

எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு ஆட்டம் நடக்கும். சிரிக்காதீங்க, டாக்டருக்கும் பொழுதுபோக்கு உண்டு. சாப்பாட்டு மேஜையில பேப்பர், பென்சில், இருபது பக்கம் வெச்ச பகடை. ஒவ்வொருத்தரும் கற்பனையா ஒரு ஆள உருவாக்கி, அந்த ஆளாவே பேசணும், நடக்கணும், சண்டை போடணும். எங்க வீட்டுக்காரரு கோடாலி வெச்சிருக்குற குள்ளன். நம்ம க்ளினிக்குக்குப் பல்லு செட் செஞ்சு குடுக்குறாரே லேப்காரரு, அவரு மந்திரவாதி. கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரம்மா திருடி. ரொம்ப நேர்மையான பொம்பள, அதான் அவங்களுக்கு அந்த ஆசை. கதைய நடத்துறவ நானு. அதாவது மிச்ச உலகம் பூரா நாந்தான். டிராகன் நானு, ராஜா நானு, ரோட்டுல போற கிழவன் நானு, சத்திரக்காரியும் நானு. கவனிச்சீங்களா? சத்திரக்காரியும் நாந்தான்!

ஒரு நாள் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு திட்ட வந்தாரு மாமனாரு. திட்டிட்டுப் போக வேண்டியதுதானே? நின்னாரு. பாத்தாரு. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அப்புறம் மகனைப் பாத்து, "யாருக்கும் கீழ கைகட்டி நிக்காத ஆளு இதுல இருக்கான்னு அவகிட்ட கேளு"ன்னாரு. எனக்கு வந்துச்சே ஒரு எரிச்சல்! சரி, வெளையாட்டுன்னு, "சாமுராய் இருக்கான் மாமா. எஜமான் செத்துப்போயிட்டான். வாளத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா திரியுறான், தனியா"ன்னேன். "அவன்தான்"ன்னாரு. "பேரு?"ன்னேன். "பேரு எதுக்கு?"ன்னாரு. சாமுராயாம் சாமுராய்! எஜமான் இல்லையாம்! இவருக்கு என்னைக்கு சார் எஜமான் இருந்திருக்கான்?

அசையாதீங்க. சொத்தை நீங்க நெனைச்சதவிட ஆழம். வருஷத்துக்கு ஒரு தடவ வாங்கன்னா யாரு கேக்குறீங்க? வலிச்சாத்தான் டாக்டரு ஞாபகம் வரும். சரி.

சாமுராய்னா என்ன செய்யணும்? வெட்டணும். இவரு வாள உருவவே மாட்டேன்னுட்டாரு. கொள்ளக்காரங்க சுத்தி நிக்குறாங்க, எங்க வீட்டுக்காரரோட குள்ளன் குத்துப்பட்டுக் கெடக்குறான், மந்திரவாதிக்கு மந்திரம் தீந்துபோச்சு. "மாமா, உங்க முறை"ங்குறேன். நிதானமா, "அவங்க கடைசியா எப்போ சாப்பிட்டாங்கன்னு கேக்குறேன்"ங்குறாரு. கொள்ளக்காரங்கள! பகடையப் போட்டாரு. இருபது! இருபதுதான் உச்சம், விழுந்தா நெனைச்சது நடந்தே ஆகணும், நான் என்ன செய்யுறது, சட்டம்னு ஒண்ணு இருக்கே. கொள்ளக்காரன் தலைவன் அழுதுட்டான். அழுதது யாரு? நாந்தான் அழுது காட்டணும்! மேஜையில உக்காந்துக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, மாமனாரு முன்னாடி!

அன்னைக்கி சாயங்காலமே, கதைக்குள்ளதான், எல்லாரும் ஒரு சத்திரத்துக்குப் போனாங்க. நான் யோசிச்சுகூட வெக்கல. ஒரு பொம்பள இருந்தா, சூப் ஊத்துனா, அவ்ளோதான். மூக்கால பேசுற மாதிரி ஒரு குரலப் போட்டேன். "இந்தாங்கய்யா சூப்பு." குள்ளன் குடிச்சான், மந்திரவாதி குடிச்சான், திருடி கிண்ணத்தையே ஆட்டயப் போட்டா. எங்க மாமனாரு ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு, என்னப் பாத்து, நேரா என் மூஞ்சியப் பாத்து சார், தலை குனிஞ்சாரு. "அம்மா, சூப் ரொம்ப நல்லா இருந்துச்சு. நன்றி. நீங்க சாப்பிட்டீங்களா?"

எனக்குக் கையில இருந்த பகடை கீழ விழுந்து சோஃபா அடியில உருண்டு போச்சு.

நீங்க சாப்பிட்டீங்களா! நான் அந்த வீட்டுக்கு வந்து எத்தனை வேளை ஆக்கிப் போட்டிருப்பேன்! க்ளினிக்ல நின்னு நின்னு காலு ரெண்டும் மரக்கட்டையாகி வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னாடி நிப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ சாப்பிட்டியாம்மான்னு கேட்டிருப்பாரா? இவ யாரு சார்? நேத்து பொறந்தவ! பேரு கிடையாது, புருஷன் கிடையாது, நான் மூக்கால பேசி உண்டாக்குனவ! அவளுக்கு மரியாதை! எனக்கு உப்பு!

ஆமா, பொறாமைதான். நீங்க சொல்லாட்டியும் உங்க கண்ணு சொல்லுது. ட்ரில் வெச்சிருக்குறவள அப்படிப் பாக்காதீங்க.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. எல்லாரும் டிராகன் குகைக்குப் போகலாங்குறாங்க, இவரு சத்திரத்துக்குத் திரும்பலாங்குறாரு. அவளுக்கு விறகு வெட்டிக் குடுக்குறாரு. கூரைய மாத்துறாரு. பாத்திரம் கழுவுறாரு சார், பாத்திரம்! "கழுவுனது சுத்தமா இருக்கான்னு பகடை போடவா?"ன்னு என்கிட்டயே கேக்குறாரு. பக்கத்துல பாத்தா அவரோட மத்தியானத் தட்டு அப்படியே மேஜையில காஞ்சுகிட்டு இருக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வருமா வராதா?

விடலியே நானு. சத்திரக்காரியக் கடுகடுன்னு ஆக்கிவிட்டேன். "இன்னைக்கி சூப் கிடையாது, போய்யா"ன்னேன். குனிஞ்சாரு. "பரவால்லம்மா, களைச்சிருப்பீங்க"ன்னாரு. அடுத்த வாரம் சூப்புல உப்ப அள்ளிக் கொட்டுனேன். "மாமா, வாயில வெக்க முடியல, அவ்ளோ உப்பு"ன்னேன். இப்போ சொல்லுவாருன்னு பாத்தேன். இந்த ஆளு ஒரு வார்த்தை, அந்த ஒரு வார்த்தைய, சொல்லிட்டாருன்னா நான் ஜெயிச்சேன்! அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? "முழுசாக் குடிச்சுடுறேன். அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது"ன்னாரு. மருந்துக்கடைக்காரம்மா கண்ணத் தொடச்சுக்கிச்சு. நல்லா நடிக்குறாருல்ல உங்க மாமனாருன்னு என்கிட்ட வேற சொல்லுது. நடிப்பா? நடிப்புன்னா அதை ஒரு தடவ வீட்டுலயும் நடிச்சுட்டுப் போறது!

துப்புங்க. வாயக் கொப்பளிங்க. அவ்ளோதான், குடைஞ்சு முடிச்சாச்சு, இனிமே அடைக்க வேண்டியதுதான். ஈரம் படக்கூடாது, நாக்க அந்தப் பக்கம் ஒதுக்குங்க. நாக்கு சார், நாக்கு. அது உங்க கன்னம். மரத்துப்போனா எது எதுன்னு தெரியாது, எல்லாருக்கும் அப்படித்தான்.

போன ஞாயித்துக்கெழம நான் ஒரு முடிவு கட்டிட்டேன். சத்திரத்துக்குத் தீ வெச்சுட்டேன். ஆமா! கதைய நடத்துறவ நானு, எனக்கு உரிமை இருக்கு! எல்லாரும் திரும்பி வர்றப்போ கூரை எரியுது. அவரு மாத்துன அதே கூரை. சத்திரக்காரி உள்ள மாட்டிக்கிட்டா. அவ ஒழிஞ்சாத்தான் இந்த மனுஷன் டிராகன் பக்கம் வருவாருன்னு கணக்குப் போட்டேன். எங்க வீட்டுக்காரரு மேஜைக்கு அடியில என் கால மிதிக்குறாரு, வேணாண்டி வேணாண்டின்னு. நான் கேக்கல.

"உள்ள போறேன்"ன்னாரு. "மாமா, வாளை வெச்சு நெருப்ப வெட்ட முடியாது"ன்னேன். "வாள வாசல்லயே வெச்சுடுறேன்"ன்னாரு. பகடையப் போட்டாரு. ஒண்ணு விழுந்துச்சு.

ஒண்ணுன்னா அதுக்குக் கீழ கிடையாது சார். அதைவிட மோசமா எதுவும் விழ முடியாது. லேப்காரரு பென்சிலக் கீழ வெச்சுட்டாரு. நானும் விட்டிருக்கலாம், மறுபடி போடுங்க மாமான்னு சொல்லியிருக்கலாம். கோவம். இத்தனை வருஷத்துக் கோவம். "உத்தரம் விழுந்துடுச்சு. ஒருத்தர்தான் வெளிய வர முடியும். நீங்களா, அவளா?"ன்னேன்.

அவரு யோசிக்கவே இல்ல. "அவங்க வரட்டும்"ன்னாரு. அப்புறம் மேஜையப் பாத்துக்கிட்டே, "வந்து ஒரு நாளாவது அடுப்பப் பத்த வெக்காம தூங்கட்டும்"ன்னாரு. சாமுராய எழுதி வெச்சிருந்த பேப்பர நாலா மடிச்சாரு. எழுந்து போயிட்டாரு.

போகட்டுமே! எனக்கென்ன? பொம்மைச் சாமுராய் செத்ததுக்கு நான் அழணுமா? மருந்துக்கடைக்காரம்மா அழுதுச்சு, லேப்காரரு அழுதாரு, எங்க வீட்டுக்காரரு... அவர விடுங்க, அவரு விளம்பரம் பாத்தாலே அழுவாரு. நான் அழல. பகடையெல்லாம் எண்ணிப் பையில போட்டேன். ஒண்ணு கொறையுதுன்னு தேடிக்கிட்டே இருந்தேன், ரொம்ப நேரம். கையிலயே வெச்சிருந்திருக்கேன்.

கண்ண மூடிக்கோங்க, நீல லைட்டு அடிக்கப் போறேன், மருந்து இறுகணும். அசையாதீங்க. ...ம். ஆச்சு. இந்தக் கலர் பேப்பரக் கடிங்க. இன்னொரு தடவ. இடிக்குதா? இடிக்கலல்ல? எழுந்து உக்காருங்க. கொஞ்ச நேரம் எதையும் மெல்லாதீங்க, மரமரப்புல கன்னத்தைக் கடிச்சு வெப்பீங்க. இருங்க, நான் கையக் கழுவிக்கிறேன்.

இதைக் கேட்டுட்டுப் போங்க, இன்னைக்கிக் காலையில நடந்தது. அடுப்படியில நிக்குறேன். வாசல்ல வந்து நிக்குறாரு. எங்க வீட்டுக்காரரு குளிக்கப் போயிட்டாரு, "அவகிட்ட சொல்லு"ன்னு சொல்றதுக்கு ஆள் இல்ல. தொண்டையச் செருமுனாரு. சுவத்தப் பாத்தாரு. அப்புறம் நேரா என்னப் பாத்து, "ஞாயித்துக்கெழமைக்கு எனக்குப் புது ஆளு வேணும்"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். "மறுபடியும் எஜமான் இல்லாத சாமுராயா?"ன்னேன். "வேணாம். யார்கிட்டயாவது வேலை பாக்குற ஆளாப் போடு"ன்னாரு. டிப்போ மேனேஜரு சார்! யாருக்கும் கைகட்டி நிக்காதவரு! "யார்கிட்ட?"ன்னேன்.

"அந்த சத்திரத்துல."

நானும் விடல. "சத்திரம் எரிஞ்சுபோச்சு மாமா. அடித்தளத்துலேர்ந்து கட்டணும்"ன்னேன். "கட்டலாம்"ன்னாரு. "சம்பளம் கிடையாது"ன்னேன். தலைய ஆட்டுனாரு. "அந்தம்மா ரொம்பக் கோவக்காரி, வாயத் தொறந்தா மூடாது, தெரியுமில்ல?"ன்னேன்.

"தெரியும்"ன்னாரு. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்தே தெரியும்."

சொல்லிட்டுப் போயிட்டாரு சார். டீயக் கூடக் கேக்கல.

எனக்குப் புரியல. காலையிலேர்ந்து நாலு பல்லு புடுங்கிட்டேன், இன்னும் அதே நெனப்பு. சத்திரக்காரிக்கு ஏது சார் கல்யாணம்? அவளுக்குப் புருஷனே நான் வெக்கல. ஒரு வார்த்தை சொன்னதில்ல, எந்த வாரமும் சொன்னதில்ல. வயசாகுது, கொழப்பிக்கிறாரு. இல்லன்னா வேற எவளையோ நெனச்சுக்கிட்டு... இல்ல... கல்யாணமாகி யாரு வந்தா அங்க? எந்த வீட்டுக்கு வந்தா? நீங்களே சொல்லுங்க சார், இப்போதான் பேசலாமே, வாய்தான் காலியா இருக்கே. யாரைச் சொல்றாரு அந்த மனுஷன்?

சார்?

...எங்க இவரு? இந்தாம்மா, ரிசப்ஷன், அந்த சொத்தைப்பல்லு சாரு எங்க? போயிட்டாரா? கழுத்துல கட்டுன துண்டோடவா! இதென்னடா கூத்து, ஒரு வாய் பதில் சொல்லிட்டுப் போகக்கூடாதா?

என்ன? அடுத்த ஆளா? உக்கார வை, வர்றேன். இரு... அஞ்சு நிமிஷம் ஆகட்டும். நான் வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும். லேண்ட்லைனுக்குத்தான். ஆமா, அவருக்குத்தான். ஒண்ணுமில்ல. சாப்பிட்டாரான்னு கேக்கணும்.