இரைச்சல் என்று நான் குறித்தவை

அலுவலகத்து மைக்ரோவேவ் அடுப்பில் நான் ஒருநாளும் சாப்பாட்டைச் சூடு செய்ததில்லை. ஓடும்போதே அதன் கதவை அவசரப்பட்டுத் திறந்தால், கசிகிற துளி அலைகூட எங்கள் ரேடியோ தொலைநோக்கிக்குக் கேட்டுவிடும். கைப்பேசி, விமானம், வாசலில் நிற்கிற வண்டி எல்லாமே கேட்கும். அந்த இரைச்சலைப் பதிவிலிருந்து பொறுக்கி வெட்டுவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை, ஐயா. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். என் கையில் ஒரு கல் தப்பாது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார்.

என் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். கருந்துளைக்குப் பக்கத்தில் போய் மாட்டிக்கொள்கிற நட்சத்திரங்களைப் பற்றியது அவளுடைய ஆராய்ச்சி. கிட்டத்தில் இருக்கிற பக்கத்துக்கு ஓர் இழுப்பு, தள்ளி இருக்கிற பக்கத்துக்கு வேறோர் இழுப்பு. நட்சத்திரம் நார்நாராகக் கிழிந்துபோகும். சில மாதம் வெளிச்சம் தெரியும், பிறகு அடங்கிவிடும். ரேடியோவில் ஏதாவது கேட்பதென்றால் முதல் வருடத்துக்குள் கேட்க வேண்டும், அதன்பிறகு காத்திருப்பது வீண் என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நான் எழுதியதில் நாலு பேர் படித்தது அது ஒன்றைத்தான்.

ஒரு கூட்டத்தில் அவள் அதை ஒரே வரியில் கவிழ்த்தாள். "சாப்பிட்ட உடனேதான் கருந்துளை ஏப்பம் விடணுமா என்ன? மூணு வருஷம் கழிச்சும் விடலாமே." அறை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று வருடத்துக்கு முன் கிழிந்த ஒரு நட்சத்திரத்தின் இடத்தைத் திரும்பக் கேட்க அவளுக்கு நேரம் ஒதுக்கினார்கள். அதுவரை அவளை என் மனைவி என்று அறிமுகம் செய்தவர்கள், அந்த வாரத்திலிருந்து என்னை அவளுடைய வீட்டுக்காரர் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் இடத்தில் ஒரு விதி உண்டு. எதையோ எதிர்பார்த்துக் கேட்கிறவர் தன் பதிவைத் தானே சுத்தம் செய்யக்கூடாது. ஆசை கண்ணை மறைத்துவிடும். வேறொருவர்தான் வெட்ட வேண்டும். வெட்டியபின் மிஞ்சுவதுதான் முடிவு. அந்த விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான். அவளுடைய பதிவு என்னிடம் வந்தது.

அதில் சத்தம் இருந்தது. படமாக்கிப் பார்த்தபோது அந்த நட்சத்திரம் இருந்த விண்மீன் திரளின் நட்டநடுவில், கருந்துளை இருக்கிற இடத்திலேயே, நகராமல், தெளிவாக, ஒரு சிறு புள்ளி. அது பலமாகக் கேட்ட அலைவரிசைகளை எல்லாம் இரைச்சல் என்று குறித்து வெட்டினேன்.

வெட்டாத படத்தை அவள் திரையில் பார்த்திருந்தாள், எல்லோரிடமும் சொல்லியும்விட்டாள். சுத்தம் செய்த படத்தில் ஒன்றும் இல்லை. நாலு மாதம் கழித்து மறுபடி அதேபோல. பிறகு இன்னொரு தடவை. சாப்பாட்டு அறையில் அவளுக்கு 'புலி வருது அம்மா' என்று பெயர் வைத்தார்கள். நான் வைக்கவில்லை.

மூன்றாம் தடவை வீட்டில் என்னைக் கேட்டாள். "நிஜமாவே ஒண்ணும் இல்லையாங்க?"

"இல்லம்மா. நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்க."

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த மாதங்களில் சமையலும் பாத்திரமும் என் பொறுப்புத்தான். மூலப்பதிவை அழிக்கலாமா என்று சேமிப்பகத்திலிருந்து கடிதம் வந்தபோது, சுத்தம் செய்தவன் என்ற முறையில் அழிக்கலாம் என்று பதில் போட்டேன். அவள் அதற்கு முன்பே அதை வாங்கிப் பார்த்திருக்கலாம். என்னைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று கேட்காமல் விட்டாள்.

பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இல்லாதது இருப்பதாகத் தோன்றுகிறது, மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டினாள். வேலையை விட்டுவிட்டாள். ஒன்றரை வருடமாகக் காலையும் மாலையும் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்கிறேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று இப்போது எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

போன மாதம் வேறொரு நாட்டுத் தொலைநோக்கிக்காரர்கள் அதே இடத்தில் அதே சத்தத்தைக் கேட்டதாக அறிவித்தார்கள். அதனால்தான் நான் வெட்டியவற்றின் பட்டியல் விசாரணைக்கென்று உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. மூன்று தடவையும் நான்தான் வெட்டினேன். தெரிந்தேதான் வெட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அவளுக்கு இந்தச் செய்தி இன்னும் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் சொல்லுங்கள்; ஆனால் அப்போது நான் கூட இருக்க வேண்டும். நீங்கள் சொன்னால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்றால்தான் நம்புவாள், இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவாள். என் மேல் அவ்வளவு பிரியம் அவளுக்கு.