மெலானியா செபுர்னா எழுதிய எட்டுப் பக்கங்கள்

தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பரஸ்கேவியா இலாரியோனிவ்னா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை யெவ்ஸ்தாஃபி அவர்களே, அக்காவை இழந்து நிற்கும் தம்பி தனிலோ அவர்களே, வெர்போவெ கிராமத்திலிருந்து பனியில் வண்டி கட்டி வந்து பின்வரிசைகளில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பெடுக்கும் காவல் அதிகாரி அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் லவ்ரின் மொக்ரியெவிச். முப்பது ஆண்டுகளாக இந்த மாவட்டத்தின் மருத்துவன். அந்த முப்பதில் மூன்றே ஆண்டுகள் எனக்குத் துணை மருத்துவராகவும் மருத்துவச்சியாகவும் இருந்தவர் மெலானியா ஹோர்தியிவ்னா செபுர்னா. மூன்றே ஆண்டுகள்! மிச்சத்தை யார் பறித்தார்கள் என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு அனுமதி தந்தார்கள். பெரிய மனது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள்: எல்லாரும் அரசு மொழியான ரஷ்ய மொழியில்தான் பேச வேண்டுமாம். எனக்கு முன்னால் பேசிய மூவரும் அப்படியே பேசினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையைப் பாருங்கள். மெலானியாவின் கைகளில் பிள்ளை பெற்ற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். முக்கால் மணி நேரமாக அவர்களுடைய மெலானியாவைப் பற்றி அவர்களுக்கே விளங்காத மொழியில் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். நான் நம் மொழியில் பேசுகிறேன். உக்ரைன் மொழியில் பேசுகிறேன். அதிகாரி அவர்களே, என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

யார் இந்த மெலானியா? கசாக்குக் குடியானவர் ஒருவரின் மகள். கீவ் நகரில் மருத்துவப் பயிற்சி பெற்று, ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதில், இருபத்தாறு வயதில் இங்கே வந்தார். முதல் நாளே என்னை மடக்கினார். வயிற்றுவலியோடு வந்த கிழவர் ஒருவருக்கு என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன், ரஷ்ய மொழியில். கிழவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். அவர் வாசலைத் தாண்டியதும் மெலானியா அவரை நிறுத்தி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

“ரொம்ப நல்லாச் சொன்னாரும்மா. என்ன சொன்னாருன்னுதான் தெரியல.”

நான் சிரித்தேன். மெலானியா சிரிக்கவில்லை. நான் யார், வேற்று நாட்டானா? என் தாய் என்னைத் தாலாட்டியது இந்த மொழியில். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்த மொழிக்காக முழந்தாளிட வைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் அதைக் கேட்டு நகைத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டதும் நானே அதைக் கழற்றி வைத்துவிட்டேன். எத்தனை பேர் அப்படிக் கழற்றி வைத்தோம்! இந்த முன்வரிசையிலேயே எத்தனை பேர்!

மறு ஆண்டு குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்தது. பின்வரிசைத் தாய்மார்களுக்கு அதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படரும். மூச்சு விசில் அடிக்கும். பிறகு விசிலும் நின்றுவிடும். அப்போது அதற்கு மருந்து கிடையாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: நோய் கண்ட பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைப்பது. மேலிடம் என்னை ஒரு துண்டறிக்கை எழுதச் சொன்னது. எழுதினேன். நல்ல ரஷ்ய மொழியில், இலக்கணச் சுத்தமாக எழுதினேன். ஒவ்வொரு ஊரிலும் சுவரில் ஒட்டினார்கள். ஊர் எழுத்தர்கள் உரக்க வாசித்தார்கள்.

அதில் ஒரு வரி. நோய் தணிந்த பிள்ளையைக் குறைந்தது ஒரு ‘நெதேல்யா’ தனியே வையுங்கள்.

அவர்கள் மொழியில் நெதேல்யா என்றால் வாரம். நம் வீடுகளில் நெதீல்யா என்றால் என்ன? சொல்லுங்கள், தாய்மார்களே. ஞாயிற்றுக்கிழமை.

வெர்போவெயில் மோத்ரியா கொலிஸ்னிக் வீட்டுக்கு நானும் மெலானியாவும் போனபோது மூத்தவள் ஹான்னா தேறிவிட்டிருந்தாள். சின்னவை இரண்டும் படுக்கைப் பலகையில் கிடந்தன. ஒன்று போய்விட்டது; இன்னொன்று போய்க்கொண்டிருந்தது. பெரியவளை ஏன் இவர்களோடு சேர்த்தாய் என்று நான் கத்தினேன். ஆம், கத்தினேன். மோத்ரியா என்னைப் பார்க்கவில்லை. மெலானியாவிடம்தான் சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம தனியா வைக்கணும்னுதானக்கா வாசிச்சாங்க? ஞாயித்துக்கெழம பூரா அவள எங்க நாத்தனார் வீட்ல விட்டேன். திங்கக்கெழமதான் கூட்டியாந்தேன். சொன்னபடிதானே செஞ்சேன்?”

சொன்னபடிதான் செய்தாள்! நான் எழுதியபடி, அரசு அனுமதித்தபடி, எழுத்தர் வாசித்தபடி, அணுவும் பிசகாமல் செய்தாள். திங்கட்கிழமை மூன்று பிள்ளைகளும் ஒரே கிண்ணத்தில் ஒரே கரண்டியால் உண்டார்கள். அந்த ஊரில் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் பதினேழு குழந்தைகள். மெலானியா அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து, எதிர்ச்சுவரில் இருந்த என் அறிக்கையைக் கிழியாமல் பிரித்தெடுத்தார். என் கையில் கொடுத்தார்.

“இத நீங்களே வெச்சுக்குங்க, டாக்டரே.”

அறை வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று முதல் ஆறு வாரம், கிடைத்த நேரமெல்லாம் அவர் எழுதினார். எட்டுப் பக்கம். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் கிணற்றடியில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினார். எந்தச் சொல்லில் அவர்கள் புருவம் சுருங்கியதோ அந்தச் சொல்லை அங்கேயே அடித்தார். வாரக் கணக்கே அதில் கிடையாது. ‘நோவு கண்ட நாள்லேருந்து தினம் ஒரு கரிக்கோடு அடுப்புச் சுவரில் போடுங்க. இருபத்தெட்டுக் கோடு ஆகுற வரைக்கும் பிள்ளைய மத்ததுங்களோட சேக்காதீங்க’ என்று இருந்தது. சவப்பெட்டியில் கிடக்கும் பிள்ளையின் வாயில் குடும்பமே வரிசையாக முத்தமிடுவது நம் வழக்கம். அதைப் பற்றி அவர் எழுதியதை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்: ‘செத்த பிள்ளைக்கு முத்தம் குடுக்க வேணாம். வீட்டுல இன்னொண்ணு உயிரோட இருக்கு.’

இதைவிடச் சிறந்த மருத்துவ நூலை நான் படித்ததில்லை. எந்த மொழியிலும் படித்ததில்லை.

தணிக்கைக்கு அனுப்பினோம். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதில் தவறு இருந்ததா? இல்லை. அரசுக்கு எதிராக ஒரு சொல் இருந்ததா? இல்லை. கடவுளுக்கு எதிராக? அதுவும் இல்லை. ‘சின்ன ரஷ்யப் பேச்சுவழக்கில் எழுதப்பட்டிருப்பதால் அச்சிட அனுமதியில்லை.’ சின்ன ரஷ்யம் என்பது நம் மொழிக்கு அவர்கள் வைத்த பெயர். அவ்வளவுதான் காரணம். எழுபத்தாறாம் ஆண்டின் ஆணை! நம் மொழியில் நூல் கூடாது, நாடகம் கூடாது, பள்ளிப்பாடம் கூடாது என்ற அந்த ஆணை, நம் பிள்ளைகள் மூச்சுத் திணறாமல் இருக்கவும் கூடாது என்று விரிந்தது.

மெலானியா விடவில்லை. பெரிய நகரத்துக்கு நேரில் போனார். அங்கே ஓர் அலுவலர் மிகுந்த மரியாதையோடு நாற்காலி போட்டு உட்கார வைத்து விளக்கினாராம்: அம்மணி, உக்ரைன் மொழி என்று ஒன்று இல்லவே இல்லை, அது படிக்காதவர்கள் கெடுத்துப் பேசும் ரஷ்யன். மெலானியா கேட்டாராம்: “இல்லாததுக்கு எதுக்குங்க தடை?” நாற்காலி கொடுத்தவர் கதவையும் காட்டினார்.

நானும் கேட்கிறேன். இருபத்தேழு ஆண்டாகியும் பதில் வரவில்லை, இன்றும் கேட்கிறேன். இல்லாத மொழிக்கு எதற்கு ஆணை? இல்லாத மக்களுக்கு எதற்கு இத்தனை காவலர்? நம் வரலாற்றை அவர்கள் தங்கள் வரலாற்றின் ஓர் அறையாக்கினார்கள். நம் பாட்டன்மார் கட்டிய கோட்டைகளுக்குத் தங்கள் தளபதிகளின் பெயரை வைத்தார்கள். நம் கோதுமையைத் தின்றுகொண்டே, நீங்கள் யாருமில்லை என்றார்கள். அதையெல்லாம்கூட ஏட்டில் வாதாடலாம். மோத்ரியாவின் பலகையில் கிடந்த இரண்டு பேரை எந்த ஏட்டில் வாதாடுவது?

மெலானியா அச்சுக்குக் காத்திருக்கவில்லை. கையால் படியெடுத்தார். ஊர் ஊராகப் போய் வாசித்தார். சவப்பெட்டிக்கு முன்னால் கைகளை விரித்து நின்று, பெற்றவளையே தடுத்தார். அதற்காக அடி வாங்கினார். ஒரு தகப்பன் அவரைப் பனியில் தள்ளியதை நான் பார்த்தேன். அவர் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் போய் நின்றார். அவர் வாசித்த நான்கு ஊர்களில் அடுத்த குளிர்காலத்தில் இறந்தவர்கள் மூவர். என் துண்டறிக்கை ஒட்டிய ஊர்களின் கணக்கை இந்த அவையில் சொல்ல என் நாக்கு எழவில்லை.

அதற்கடுத்த வசந்தத்தில் அவர் வீட்டுக்குக் காவலர் சோதனை வந்தது. தலையணைக்குள்ளிருந்து இருபத்தாறு கைப்பிரதிகளை எடுத்தார்கள். பிரிவினை எழுத்து என்றார்கள். பிள்ளைக்குக் கரண்டியை வெந்நீரில் போடு என்பது பிரிவினையாம்! விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். இதில் உள்ளவை மருத்துவ அறிவுரைகள்தானா என்று கேட்டார்கள்.

தாய்மார்களே, தனிலோ அவர்களே, இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ‘இந்த வழக்கு மொழியில் எழுதியதை மதிப்பிடும் தகுதி எனக்கில்லை’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் தாயின் மொழியைப் படிக்கத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். வழக்கு மன்றம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. மூன்று வாரத்தில் அவரை வடக்கே, வெள்ளைக் கடல் பக்கம் அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகள். ஈர மரக்கட்டை அறையில் ஐந்து குளிர்காலம். நெஞ்சில் அந்த இருமலோடுதான் திரும்பினார். போன மாதம் அவரைக் கொண்டுபோனதும் அதே இருமல்தான். சான்றிதழில் நுரையீரல் அழற்சி என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் நான். அது முழு உண்மையல்ல.

திரும்பி வந்தபின் அவருக்கு வேலை கிடையாது, தொழில் உரிமை கிடையாது. பிறர் வீட்டுத் துணி துவைத்தார். அழைத்த வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனார். நான் அவரைப் பார்க்கப் போக எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. மன்னிப்புக் கேட்டேன். பயந்துவிட்டேன், அந்த நிலையில் அதுதான் விவேகம் என்று பட்டது என்றேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பயந்தீங்க, சரி. யாருதான் பயப்படல? ஆனா அதுக்கு வெவேகம்னு பேரு வைக்காதீங்க, டாக்டரே. உள்ள வாங்க, கூழு ஆறிடும்.”

அதன்பிறகு இருபது ஆண்டுகள் அவர் வீட்டு மேசையில் நான் உண்டேன். ஒருமுறைகூட அதைப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். ஆணை செத்துவிட்டது என்கிறார்கள். செத்ததா? அடக்கத்தன்று கல்லறையில் இருந்தோமே! வெர்போவெ பெண்கள் ஒரு மலர்வளையம் கொண்டுவந்தார்கள். அதன் நாடாவில் நம் எழுத்தில் மூன்றே சொற்கள்: ‘எங்க பிள்ளைங்களைக் காத்தவளுக்கு.’ இந்த மூன்றாம் வரிசைக்காரர் சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்து, எல்லார் முன்னிலையிலும் அந்த நாடாவை வெட்டி மடித்து வைத்துக்கொண்டார். துக்க வீட்டுக்குக் கத்தரிக்கோலோடு வருகிறவன் எந்தக் காலத்தைச் சேர்ந்தவன்? சொல்லுங்கள், எந்தக் காலம் மாறியது?

நாம் அழுதுவிட்டுக் கலைவதற்காகக் கூடவில்லை. இந்தக் குளிரில் மூன்று ஊர்களில் மறுபடி தொண்டை அடைப்பான் வந்திருக்கிறது. இப்போது ஊசி மருந்து இருக்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் போட்டால் பெரும்பாலும் பிள்ளை பிழைக்கும். ஆனால் ஊசிதான் கொல்கிறது என்று பெண்கள் பயந்து பிள்ளைகளை ஒளிக்கிறார்கள். அவர்களிடம் என்ன மொழியில் பேசப் போகிறோம்?

சொல்கிறேன். மெலானியா செபுர்னா எழுதிய எட்டுப் பக்கங்களும் அச்சாகிவிட்டன. அனுமதி கேட்கவில்லை. ஊசியைப் பற்றி ஒரு பத்தி நான் சேர்த்தேன். அதையும் மோத்ரியாவிடம் வாசித்துக் காட்டி, அவள் முகம் சுளித்த இடத்தையெல்லாம் திருத்தினேன். அட்டையில் ஆசிரியர் பெயர் அவருடையது. அச்சிட்ட பொறுப்பு என்னுடையது. என் பெயரும் தெருவும் கீழே போட்டிருக்கின்றன. மூவாயிரம் பிரதிகள் நேற்றே ஊர்களுக்குப் போய்விட்டன. அதிகாரி அவர்களே, எழுந்து ஓடிப் பயனில்லை, உட்காருங்கள். இன்று காலை என் பதவியையும் துறந்துவிட்டேன். பறிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

அருட்தந்தை தம் கோயிலில் ஒவ்வொரு வழிபாட்டுக்குப் பின்னும் இதை வாசிப்பதாக வாக்களித்திருக்கிறார். பரஸ்கேவியா இலாரியோனிவ்னா வாசகசாலையில் வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத மோத்ரியா கொலிஸ்னிக் எட்டுப் பக்கத்தையும் இருபத்தேழு ஆண்டுகளாகத் தலைக்குள் வைத்திருக்கிறாள். அவள் எந்தத் தாளும் இல்லாமல் வீடு வீடாகச் சொல்லுவாள். மெலானியா ஹோர்தியிவ்னா, உங்கள் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நீங்கள் இருந்தபோதே எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை, அந்தக் கணக்கைக் கடவுள் என்னிடம் கேட்கட்டும்.

சனிக்கிழமை இந்த ஊரில் சந்தை. பத்து மணிக்கு, தானியக் கிட்டங்கியின் படிக்கட்டில் நின்று நான் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவேன். நடுவில் என்னை இழுத்துக்கொண்டு போனால், நான் விட்ட வரியிலிருந்து தொடர ஒருவர் வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களே, மருத்துவர்களே, வழக்கறிஞர்களே, அங்கே வந்து நில்லுங்கள்.