ரெக்சன் என்னைக் கூப்பிட்ட நாள்

எனக்குக் கோபமே வராது என்று என் மனைவி முத்துச்செல்வி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். உண்மைதான். குழம்பில் உப்பு கூடினால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவன் நான். ஆகவே கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

இறாலையும் கணவாயையும் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் நெட்வொர்க் என் பொறுப்பு. துறைமுகத்துப் பக்கம் ஹெட் ஆபீஸ், சுற்றுவட்டாரத்தில் குளிர்பதனக் கிடங்குகள். எல்லாவற்றையும் இணைப்பது ஃபிரேம் ரிலே என்கிற அந்தக் காலத்து நெட்வொர்க் முறை. உலகம் அதற்குக் கருமாதி முடித்துப் பல காலம் ஆகிறது. எங்கள் முதலாளியோ, ஓடுகிற சாமானைத் தூக்கிப்போட்டால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்கிற ரகம். ஒரே கம்பிக்குள் ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு தனிப் பாதை. விர்ச்சுவல் சர்க்யூட் என்போம். என் ரூட்டரில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் ஒரு பாதை மட்டும் செத்துப்போகும். பக்கத்துப் பாதைக்குச் சங்கதியே தெரியாது. இன்னொரு வரி தட்டினால் உயிர் வந்துவிடும்.

நெட்வொர்க் நன்றாக ஓடினால் அதைப் பார்க்கிறவனை ஒருவருக்கும் தெரியாது, ஐயா. ஏசி மெக்கானிக்குக்குத் தீபாவளிக்கு வேட்டி சட்டை. எனக்கு ஒரு வணக்கம்கூடக் கிடையாது. அதனால் அவ்வப்போது ஏதாவது ஒரு பாதையை அணைத்துவைப்பேன். போன் வரும். “அண்ணாச்சி, லைன் போயிட்டு, கொஞ்சம் பாருங்க.” நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டிவிட்டு, உயிர் கொடுப்பேன். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? அந்த வாரம் முழுக்க எல்லார் வாயிலும் அண்ணாச்சிதான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சாயர்புரம் போகிற வழியில் உள்ள கிடங்கின் பொறுப்பாளன் ரெக்சன் மட்டும் கூப்பிடவே மாட்டான். அங்கே இறால் உரிக்கிற இசக்கியம்மாள் ஒருமுறை ஹெட் ஆபீசுக்கு வந்தபோது, அவன் சொன்னதை வெள்ளந்தியாக என்னிடமே சொல்லிவிட்டாள். “அண்ணாச்சிய கூப்பிடாண்டாம். டீ குடிச்சிட்டு வந்தா லைன் தானா வந்துரும்.” எல்லாரும் சிரித்தார்களாம். அவளும்தான்.

எனக்கு வருத்தம்தான். அந்தக் கிடங்கின் பாதையை அணைத்தேன். அவன் கூப்பிடும்வரை திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். கிடங்குகளைக் கண்காணிக்க ஹெட் ஆபீசில் இருக்கும் கண்ட்ரோல் அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே டியூட்டியில் இருந்த ஆறுமுகநயினார், இது வழக்கம்தானே என்று விட்டுவிட்டார். நான் பழக்கிய பழக்கம்.

அந்தப் பாதையில் என்ன போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கிடங்கைக் குளிரவைப்பது அமோனியா. அது கசிந்தால் வால்வை மூடும் கட்டளை கண்ட்ரோல் அறையிலிருந்து அந்த வழியாகத்தான் போக வேண்டும். வால்வைப் பார்க்கவென்று கிடங்குக்குக் கிடங்கு தனி ஆள் வைத்தால் சம்பளம் தர வேண்டுமே என்று முதலாளி செய்த ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாளைக் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ரெக்சன்.

“அடிக்குல்லா, எடுங்க” என்றாள் முத்துச்செல்வி.

“அடிக்கட்டும். இப்பதான் அவனுக்கு நம்ம ஞாபகம் வந்திருக்கு.”

ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. அவன் முதலில் கண்ட்ரோல் அறையைத்தான் கூப்பிட்டிருக்கிறான். அங்கே பொத்தானை அழுத்தியும் கட்டளை போகாததால், ஆறுமுகநயினார்தான் அவனை என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். கடைசியில் வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. “அண்ணாச்சி, கேஸ் லீக்காவுது. பொம்பளையாளுவ உள்ள நிக்காவ. லைன விடுங்க அண்ணாச்சி.” இடையிடையே இருமினான். ஆனாலும் அண்ணாச்சி என்றான். கேட்க நன்றாக இருந்தது. இன்னொரு முறை போட்டுக் கேட்டேன்.

பிறகு மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து ஒரு வரி தட்டினேன். பாதைக்கு உயிர் வந்தது. ஆறுமுகநயினார் மறுபடி பொத்தானை அழுத்தியதும் வால்வும் மூடிக்கொண்டது. அதற்குள் ரெக்சன் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, வழுக்கி விழுந்த இசக்கியம்மாளைத் தூக்க மறுபடி உள்ளே போயிருக்கிறான். இரண்டு பேரும் திரும்பவில்லை. இரண்டு சாவுக்கும் நான் போனேன். இருந்ததிலேயே பெரிய மாலை என்னுடையதுதான்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். வாட்ச்மேனைக்கூடக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். காலாவதியான ரூட்டர் பழுதானதே காரணம் என்று முடிவு கட்டிவிட்டு, அதைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த ரூட்டரில் ஒரு பழுதும் கிடையாது, ஐயா. அப்படி ஒரு நாள்கூட நான் அதை விட்டதில்லை. பாதையை அணைத்தது நான், குரலைக் கேட்டும் திறக்காமல் சாப்பிட்டது நான். என் பெயர் பாண்டித்துரை. மெஷின் மேல் மட்டும் குறை எழுதிவிடாதீர்கள். பார்க்கிறவர்கள் என் வேலையைப் பற்றி என்ன நினைப்பார்கள்?